ஆச்சி சொல்லாத பெயர்

எங்கள் ஆச்சி கடைசிவரை ‘பாபநாசம்’ என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி தரைக்கு இறங்குகிற ஊர் அது. எங்கள் கிராமத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் ஆச்சி அங்கே போய் முழுகிவிட்டு, பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிட்டு, படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வருவாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கண்டக்டர் வந்து “ஆச்சிக்கு எங்க?” என்பார். “உலகம்மை கோயிலுக்கு. எனக்கு ஒண்ணு, பேரனுக்கு அரை” என்பாள். “பாவநாசம் ஒண்ணரையா?” என்று அவர் உறுதிப்படுத்திக்கொள்வார். ஆச்சி தலையை மட்டும் ஆட்டுவாள்.

தாத்தாவின் பெயர் பாபநாசம். கட்டிய புருஷனின் பெயரைப் பெண்கள் சொல்லக் கூடாத காலம் அது. அவர் பெயரில் ஓர் ஊரே இருந்ததால் அந்த ஊரும் அவள் பேச்சிலிருந்து போய்விட்டது. அந்த வழித்தடத்தில் அவளைப் போல இன்னும் பலர் இருந்திருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆண்களின் பெயர்கள் பாபநாசம், சொரிமுத்து, நெல்லையப்பன், சுடலைமுத்து. பெண்களின் பெயர்கள் உலகம்மாள், காந்திமதி, பேச்சியம்மாள். காரையாற்றுப் பக்கம் காட்டுக்குள் ஆற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் இருக்கிறார். கீழே இறங்கினால் பாபநாசநாதர். திருநெல்வேலிக்கு வந்தால் நெல்லையப்பரும் காந்திமதியும். மலையிலிருந்து ஆற்றோடு நடந்து வந்தால் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பாதியைப் பார்த்துவிடலாம்.

பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன். பேத்தி, பெயர்த்தி. மூத்த பேரன் என்பதால் தாத்தாவின் பெயரை எனக்கு வைத்தார்கள். வைத்தார்களே தவிர, வீட்டில் யாரும் அதை எடுத்து வழங்கவில்லை. ஆச்சி சொல்ல முடியாது. மாமனார் பெயர் என்பதால் அம்மா சொல்ல முடியாது. பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லி மகனை அதட்டுவதற்கு அப்பாவுக்கும் மனம் வராது. துரை என்று ஒரு வீட்டுப் பெயர் கிடைத்தது. 1961 ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்ட அன்றுதான் என் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி முதன்முதலாகக் கேட்டேன்.

அப்போது எங்கள் ஊரில் யார் வாயிலும் வராத பெயர் இன்னொன்று இருந்தது. ஆற்றின் பெயர். அதைச் சொல்லக் கூடாது என்று யாரும் விலக்கவில்லை. அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். ‘ஆத்துக்குக் குளிக்கப் போறேன்’, ‘ஆத்துல தண்ணி ஏறுது’, ‘ஆத்துக்கு அக்கரையில பொண்ணு எடுத்திருக்கு’ என்று பேசினால் யாருக்கும் ஐயம் வராது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில்தான் அது தாமிரபரணி. நாங்கள் காலையில் பல் விளக்கிய ஆறும் படத்தில் நீலக் கோடாக ஓடிய ஆறும் ஒன்றுதான் என்று மனத்தில் பதியவே எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

ஆற்றுக்குத்தான் பெயர் தேவைப்படவில்லை. வாய்க்கால்களுக்குப் பெயர் வேண்டும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரிந்து போகிற கால்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: பாளையங்கால், கோடகன்கால், மேலக்கால், கீழக்கால், வடகால், தென்கால். நதியுண்ணி என்ற பெயரைச் சிறுவயதில் முதலில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நதியை உண்பது! அந்தப் பெயரை வைத்தவர் எந்த நூலிலும் இல்லை. அணை ஓரமாக நின்று, தண்ணீர் வாய்க்காலுக்குள் இழுபட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு விவசாயியாகத்தான் இருக்க வேண்டும். கன்னடியனுக்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர், அரசன் கொடுத்த பொன்னைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அகத்தியரிடம் யோசனை கேட்டு வெட்டிய கால்வாய் என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கதை சொல்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர் என்பது மட்டும் பெயராக நின்றுவிட்டது.

ஆறு ஒன்று, அதனால் ஆறு. வாய்க்கால் பல. எந்தக் கால் பாய்கிற வயல் என்று சொல்லாமல் ஒரு வயலை விற்க முடியாது, வாங்க முடியாது, வரப்புச் சண்டைகூடப் போட முடியாது.

மனிதர்களுக்கும் அதே கணக்குத்தான். ஊரில் ஒரே ஒரு பாபநாசம் இருந்திருந்தால் அவர் பாபநாசம். மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே மேலத்தெருப் பாவநாசம், மூக்குப்பொடிப் பாவநாசம், வண்டிக்காரப் பாவநாசம். இரட்டை மாட்டு வண்டி வைத்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் தாத்தா வண்டிக்காரப் பாவநாசம். அந்த அடைமொழி அவரோடு முடிந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியாரானார். அவரை யாரும் வண்டிக்கார வாத்தியார் என்று சொல்லவில்லை.

ஆற்றுக்கு வேறு பெயர்களும் உண்டு என்று ஒன்பதாம் வகுப்புத் தமிழையா சொன்னார். பொருநை என்று கரும்பலகையில் எழுதி, “இது நம்ம ஆறுல, சங்கப் பாட்டுல வர்ற ஆறு” என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பின்னாளில் பாட்டுகளை நானே எடுத்துப் படித்தபோது, சேரர்களின் வஞ்சியைச் சொல்லி வருகிற பொருநை கரூர்ப் பக்கத்து ஆன்பொருநை என்று தெரிந்தது. இன்று அதை அமராவதி என்கிறோம். ஆனாலும் தமிழையா சொன்னது வீணில்லை. நம் ஆற்றின் கரையில், குருகூரில் பிறந்த நம்மாழ்வார் இதைப் பொருநல் என்றே அழைக்கிறார். இரண்டு ஆறுகள் ஒரு பெயரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரு ஊரில் மூன்று பாபநாசங்கள் இருந்ததைப் போல.

தாமிரபரணி என்ற வடமொழிப் பெயரைச் செம்பு நிற இலை என்று பிரிப்பார்கள். தண்ணீரில் செம்புச் சத்து இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இந்தப் பொருள் விளக்கங்களைவிட அந்தப் பெயர் போன பயணம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. அசோகரின் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் ஆகியோரோடு தம்பபண்ணி என்றொரு பெயர் வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முந்தைய எழுத்து. அந்தத் தம்பபண்ணி இலங்கைத் தீவு. கிரேக்கர்கள் அதையே தப்ரபேன் என்றார்கள். புன்னைக்காயலில் எங்கள் ஆறு கடலில் சேருகிறது. அங்கிருந்து மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் அந்தத் தீவு. ஆற்றின் பெயர் தீவுக்குப் போனதா, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததா என்று கால்டுவெல்லிலிருந்து இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும் இந்தப் பெயரைப் புழங்கியவர்கள் கடலோடிகள், வியாபாரிகள், அரசர்களின் தூதர்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றும் அது ஆறாகத்தான் இருந்திருக்கும்.

இன்று நிலைமை வேறு. சிவகளையில் கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பொருநை என்ற பெயரில் திருநெல்வேலியில் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்றும் அப்போது சொன்னார்கள். தமிழையா கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் ஒருவருக்கும் தெரிந்திராத பெயரை இப்போது சின்னப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளில் ஆற்றில் குளித்தவர்கள் எத்தனை பேர் என்று போன முறை ஊருக்குப் போயிருந்தபோது விசாரித்தேன். எங்கள் தெருவில் பன்னிரண்டு பேரைக் கேட்டதில் இரண்டு பேர். நாங்கள் குதித்த கசத்தில் சாக்கடை கலக்கிறது. மருதமர நிழலில் பழந்துணி மூட்டைகள் கிடக்கின்றன. பெயர் துலங்கிவிட்டது. தண்ணீரில் இறங்க ஆளில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். தாத்தாவின் பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கும். அந்தக் காலத்தில் அது இல்லாமல் ஒரு பெயர் முழுமையாகாது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலத்தை 1843இல் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தவர் கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார். அந்தப் பாலத்தை இன்றும் பட்டத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. இருபது வயதில் வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம் எழுதியபோது அவர் பட்டத்தை விட்டுவிட்டார். தாத்தாவுக்கு வருத்தம். ஒரு வாரம் பேசவில்லை என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். அப்பா தன் பெயருக்குப் பின்னால் கடைசிவரை எதையும் சேர்க்கவில்லை. முன்னால் ஒரு ‘பா.’ மட்டும். எங்கள் தலைமுறை பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனின் சாதியைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி வளர்ந்தது. வேறு வழிகளில் கண்டுபிடித்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் அது இல்லை. அந்த இடத்தைக் காலியாக வைக்க அப்பாவைப் போன்றவர்கள் வீட்டுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

அந்தக் காலியிடத்தைத்தான் பிறகு கடவுச்சீட்டு விண்ணப்பம் கேட்டது. சர்நேம் என்று ஒரு கட்டம். என் மகன் 2004இல் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகக் கிளம்பியபோது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரவு வெகுநேரம் உட்கார்ந்து பேசினோம். காலியாக விட்டால் தொல்லை. ஒற்றைப் பெயரோடு போகிறவர்களுக்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு. என்று அச்சிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் தேடி வைத்த பெயர் சர்நேம் கட்டத்துக்குள் போய்விடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்றே அறிவித்தது. மகன் இனிஷியலை விரித்து என் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினான். வண்டிக்காரத் தாத்தாவின் பெயர், ஆச்சி சொல்லாத பெயர், சர்நேம் ஆயிற்று.

அவன் மெல்போர்னில் வேலைக்கு அமர்ந்து, கல்யாணமாகி, மகள் பிறந்தாள். நம் ஊர் வழக்கத்தில் அவளுக்கு அவள் அப்பாவின் பெயர்தான் இனிஷியலாக வந்திருக்கும். அங்கே குடும்பப் பெயர் இறங்கிக்கொண்டே போகும். அவளும் பாபநாசம். அவள் பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியை அந்த நீண்ட பெயரை நிதானமாக எழுத்துக்கூட்டிச் சொல்வாராம். பேத்தி ஆச்சியின் படத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பாட்டி இந்தப் பெயரைச் சொன்னதே இல்லை என்று நான் சொன்னபோது, “ஏன், அவங்களுக்குப் பிடிக்காதா?” என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

நான் அங்கே முதன்முறை போயிருந்தபோது கண் பரிசோதனைக்கு மகன் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். காத்திருந்த கூடத்தில் ஒரு பெண் வந்து மிஸ்டர் என்று சொல்லி என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் சர்நேம். அப்பா இறந்து அப்போது பதினாறு வருஷம். அவர் பெயரை இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு தெளிவாக ஒருவர் கூப்பிட்டுக் கேட்டு அதே பதினாறு வருஷம். எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகன் தோளைத் தொட்டான்.

பேத்தியின் வகுப்பில் ஒரு பையனின் சர்நேம் கார்ட்டர். அகராதியைப் பார்த்தேன். கார்ட்டர் என்றால் வண்டிக்காரர். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் என்று எங்கோ ஒருவர் வண்டி ஓட்டியிருக்கிறார். ஊரில் இன்னொரு ஜானிடமிருந்து பிரித்துச் சொல்ல அவரை வண்டிக்கார ஜான் என்றிருக்கிறார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வரிக்கும் நிலத்துக்கும் ஏடுகள் பெருகப் பெருக, ஒரு மூன்று நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட அடைமொழிகள் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கும் பெயர்களாக உறைந்துவிட்டன. எங்கள் தாத்தாவின் அடைமொழி உறையவில்லை, கரைந்துவிட்டது. பேத்தியிடம் இதைச் சொன்னேன். அடுத்த நாள் அந்தப் பையனிடம், நீயும் நானும் ஒரே பெயர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மெல்போர்னில் ஓடும் ஆறு யாரா. கரையோரமாக நானும் பேத்தியும் நடப்போம். எங்கள் ஆற்றைவிட நீளம், 242 கிலோமீட்டர். 1835இல் ஜான் ஹெல்டர் வெட்ஜ் என்ற நில அளவையாளர் அங்கே வந்தார். இப்போது நகரின் நடுப்பகுதியாக இருக்கும் இடத்தில் அன்று பாறைகளின்மேல் தண்ணீர் சிறு அருவியாக விழுந்துகொண்டிருந்தது. கூட வந்த பழங்குடியினர் அதைக் காட்டி யாரா யாரா என்பதுபோல ஏதோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் விழுந்து ஓடுவதைப் பற்றிய பேச்சு அது. ஆற்றின் பெயர் என்று அவர் குறித்துக்கொண்டார். பிற்பாடு அவருக்கே தவறு தெரியவந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பாறைகளையும் பின்னாளில் வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். அந்த மண்ணின் வுருண்ட்ஜெரி மக்கள் தங்கள் வொய்வுரங் மொழியில் ஆற்றைப் பிர்ராரங் என்கிறார்கள், மூடுபனியின் ஆறு. இப்போது கரையில் பிர்ராரங் மார் என்று ஒரு பூங்கா இருக்கிறது. 2017இல் விக்டோரியா மாநிலம் அந்த ஆற்றைக் காக்க இயற்றிய சட்டத்துக்கு ஆங்கிலப் பெயரோடு வொய்வுரங் மொழியிலும் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பேத்தி கேட்டாள். “தாத்தா, உங்க ஊர் ரிவர் பேரு என்ன?”

“ஆறு” என்றேன், யோசிக்காமல்.

“சிக்ஸா?”

எண்ணையும் ஆற்றையும் நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம், வழி என்பதற்கும் ஆறு என்றே பெயர் என்று விளக்கினேன். அவள் விடவில்லை. “இல்ல, அதோட நிஜப் பேரு?” வெட்ஜிடம் அருவியைக் காட்டிய மனிதரின் நிலை எனக்கு அப்போது புரிந்தது. கண் முன்னால் ஓடுவதைப் பற்றி ஒருவர் பேசுகிறார். மற்றவர் தாளும் பேனாவுமாகப் பெயர் கேட்கிறார்.

2023 டிசம்பரில் நான் மெல்போர்னில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் பெருவெள்ளம் என்று செல்பேசியில் செய்தி ஓடியது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டதா, ஸ்ரீவைகுண்டம் என்ன ஆயிற்று என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை சித்தப்பா மகன் போனில் கிடைத்தான். “ஆறு ஊருக்குள்ள வந்துட்டு அண்ணாச்சி. கீழத்தெரு பூரா முட்டளவு. நம்ம வீட்டுத் திண்ணையில நிக்கி” என்றான். ஆறு என்றுதான் சொன்னான். நான் அவனிடம் பேசி முடித்துவிட்டு மகனிடம் திரும்பி, “தாமிரபரணி கீழத்தெருவுக்குள்ள வந்துட்டாம்” என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது எனக்கே கேட்டது. எட்டாயிரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தவனுக்கு வெறும் ஆறு என்று சொல்ல முடியவில்லை. கடலோடிகளும் தூதர்களும் ஏன் அதற்குப் பெயர் தேடினார்கள் என்பதற்கு அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த டிசம்பரில் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்கு வந்தோம். நானும் மகனும் பேத்தியும் திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பேத்திக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஒரு பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து நின்றவள் விரலால் காற்றில் எழுதிக்கொண்டே, “பா... ப... நா...” என்று வாசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா! இந்த பஸ்ல நம்ம பேரு எழுதியிருக்கு!” பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதில்தான் ஏறினோம். சேரன்மகாதேவி வரை ஜன்னல் பக்கம் வாய்க்கால்களும் வயலுமாக வந்தன. கன்னடியன் கால்வாயைக் காட்டினேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்பதற்குள் பேத்தி எழுந்து நின்றுவிட்டாள். பஸ் முழுவதற்கும் கேட்கும்படி, அவள் ஆசிரியை சொல்வதுபோலவே ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, “பாபநாசம்!” என்றாள்.

“பாவநாசம் ரெண்டரையா?” என்றார் கண்டக்டர்.

நான் தலையை ஆட்டினேன். மெஷினிலிருந்து சீட்டு வந்தது. அதில் ஊர்ப் பெயர் அச்சாகியிருந்ததை அவள் பார்த்தாள். மடிக்காமல் வாங்கி, அப்பாவின் பையைத் திறந்து தன் கடவுச்சீட்டைத் தேடி எடுத்து, தன் பெயர் இருந்த பக்கத்தில் அதை வைத்து மூடினாள்.